ராமானுஜன் ஊரில் எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு மேசை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கும்பகோணத்தில் வீட்டு முன்கட்டில் மிஷின் போட்டு ஜாக்கெட் தைத்துக் கொடுப்பவள் நான். பதினேழு வருடமாக இதுதான் தொழில். கணவர் லோடு வேன் ஓட்டுகிறார். ஒரே மகள், எட்டாம் வகுப்பு படிக்கிறாள். உங்கள் பத்திரிகையை எங்கள் வீட்டில் முதலில் பிரிப்பது அவள்தான். அவள் படித்து முடித்து மடித்து வைத்த பிறகுதான் எனக்குக் கிடைக்கும். அவளைப் போல அறிவு வேகமாக ஓடுகிற பிள்ளைகளுக்கு ஊர் எப்படித் துணை நிற்கலாம் என்பதைப் பற்றிய இந்தக் கடிதத்தையும் அவள் படிப்பாள் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

ஒவ்வொரு டிசம்பர் 22-ம் தேதியும் ராமானுஜன் பிறந்த நாளைத் தேசிய கணித தினமாகக் கொண்டாடுகிறோம். சாரங்கபாணி சன்னதி தெருவில் இருக்கிற அவர் வீட்டுக்குப் பள்ளிப் பிள்ளைகளை வரிசையாக அழைத்து வருவார்கள். என் மகளும் மூன்று முறை போய் வந்துவிட்டாள். சின்னத் திண்ணை, உள்ளே ஜன்னலோரம் ஒரு கட்டில். பார்த்துவிட்டு வந்த ஒரு நாள், "அம்மா, அவருக்கு யாருமே சொல்லிக் கொடுக்கலையாம், எல்லாம் தானா வந்துச்சாம்" என்றாள். அப்படித்தான் எல்லாரும் சொல்கிறார்கள். நானும் அதையே நம்பிக்கொண்டிருந்தேன். பிறகு நூலகத்தில் அவர் வாழ்க்கை வரலாற்றை வாங்கி, ராத்திரி காஜா எடுத்து முடித்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் படித்தேன். அதில் நான் பார்த்தது வேறு.

ராமானுஜனின் அப்பா புடவைக் கடையில் குமாஸ்தா. வருமானம் போதாமல் அம்மா கோமளத்தம்மாள் கல்லூரி மாணவர்களைச் சாப்பாட்டோடு வீட்டில் தங்க வைத்திருந்தார். அப்படித் தங்கிய பையன்களிடம்தான் அந்தச் சிறுவன் கணக்கைக் கேட்டுக் கேட்டு, பதினோரு வயதுக்குள் அவர்களுக்குத் தெரிந்ததை எல்லாம் வாங்கிக்கொண்டான். கடன் வாங்கிய முக்கோணவியல் புத்தகம் ஒன்றைப் பதின்மூன்று வயதில் முடித்தான். பதினாறு வயதில் கைக்கு வந்த கார் என்பவரின் கணிதத் தொகுப்பும் அவன் விலை கொடுத்து வாங்கியதில்லை, நண்பர் மூலம் வந்த நூலகப் புத்தகம். பள்ளித் தலைமை ஆசிரியர் கிருஷ்ணசாமி ஐயர் 1904-ல் பரிசு கொடுத்தபோது, நூற்றுக்கு நூறு போதாது, அதற்கு மேலும் கொடுக்கலாம் என்று வாய்விட்டுச் சொன்னாராம். பெருமை பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தப் பிள்ளையைச் சுற்றி நாலு பேர் இருந்தார்கள் என்பதற்காகச் சொல்கிறேன். வாடகைக்கு இருந்த பையன், புத்தகம் கொண்டு வந்த நண்பன், ஒரு வாத்தியார். பெரிய மனிதர்கள் யாரும் இல்லை.

அந்த நாலு பேரும் இல்லாமல் போன வருடங்களும் அதே புத்தகத்தில் இருக்கின்றன. கல்லூரியில் கணக்கைத் தவிர வேறெதிலும் மனம் போகவில்லை, உதவித்தொகை பறிபோனது, 1905-ல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினம் பக்கம் போய்விட்டார். அந்தப் பக்கத்தில் நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். மூன்று நாள் எடுக்கவில்லை. பிள்ளையைக் காணாமல் கோமளத்தம்மாள் இந்தத் தெருவில் எப்படி நடந்திருப்பார் என்றே தோன்றிக்கொண்டிருந்தது.

என் மகள் கதைக்கு வருகிறேன்.

ஜாக்கெட் தைக்கிற வீட்டில் வெட்டுத்துணிக்குக் குறைவிருக்காது. லைனிங் மீதி, கை வெட்டிய மீதி, கழுத்து வெட்டிய மீதி எல்லாம் ஒரு கோணியில் சேரும். நாலரை வயதில் அவள் விளையாட்டே அந்தக் கோணிதான். துண்டுகளை எடுத்து, இடைவெளி விழாமல் தரையில் அடுக்குவாள். ஏழு வயதில் ஒரு நாள், "அம்மா, எந்த முக்கோணத் துண்டா இருந்தாலும் அதே மாதிரி நிறைய வெட்டினா தரை முழுசும் நிரப்பிடலாம். நாலு மூலைத் துண்டும் அப்படித்தான். எல்லாப் பக்கமும் மூலையும் சமமா வெட்டின அஞ்சு மூலை மட்டும் ஏம்மா சேர மாட்டேங்குது?" என்று கேட்டாள். எனக்கு என்ன தெரியும்? "துணியை வீணாக்காம எடுத்து வை" என்றேன். என்னால் முடிந்த பதில் அவ்வளவுதான்.

தொடக்கப்பள்ளியில் அவளுக்கு நல்ல பெயர் இல்லை. போர்டில் டீச்சர் எழுதி முடிப்பதற்குள் இவள் விடையைச் சொல்லிவிடுவாள். பிறகு சும்மா இருக்கத் தெரியாது, பக்கத்துப் பிள்ளையிடம் பேசுவாள், ஜன்னலைப் பார்ப்பாள். என்னைக் கூப்பிட்டு, "உங்க பொண்ணு மத்த பிள்ளைங்களைப் படிக்க விட மாட்டேங்குறா, கொழுப்பு அதிகம்" என்றார்கள். அந்த டீச்சர் மேல் எனக்கு இன்றைக்கு வருத்தம் இல்லை. ஒரே ஆள் இரண்டு வகுப்பை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டிக் கொண்டிருந்தார். மெல்லக் கற்கும் பிள்ளைகளுக்கு என்ன செய்தீர்கள் என்று மேலிருந்து கேட்பார்கள், அது நியாயம்தான். மீத்திறன் பிள்ளை என்றால் தானாகப் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடுகிறார்கள். நாலாம் வகுப்பில் என் மகள் வாயை மூடிக்கொண்டாள். "இப்பத்தான் உங்க பொண்ணு அடங்கி நல்லா இருக்கா" என்றார்கள். வீட்டிலோ அவள் வெட்டுத்துணிக் கோணியைத் தொடுவதையே விட்டிருந்தாள்.

அறிவு வேகமாக ஓடுகிற பிள்ளைக்கு மனசும் அதே வேகத்தில் வளர்ந்துவிடும் என்று நினைக்காதீர்கள். எட்டு வயதில் ஒரு ராத்திரி எழுந்து உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். வயிற்று வலியோ என்று பதறினேன். "அம்மா, இன்னும் ஐந்நூறு கோடி வருஷத்துல சூரியன் அணைஞ்சு போயிடுமாம். அப்ப நம்ம தெரு என்னம்மா ஆகும்?" இதற்கு எந்தத் தாய் என்ன சொல்வாள்? என் கணவர் சிரித்துவிட்டார். அவள் இன்னும் அதிகமாக அழுதாள். மறுநாள் பக்கத்து வீட்டுப் பாட்டிதான் அவளைத் திண்ணையில் உட்கார வைத்து, "எனக்கும் சின்ன வயசுல காவேரி வத்திப் போச்சுன்னா என்ன பண்றதுன்னு தூக்கமே வராதுடி கண்ணு" என்று ஆரம்பித்து ஒரு மணி நேரம் பேசினார். சூரியனைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் குழந்தையின் பயத்தைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அன்றைக்கு ராத்திரி அவள் தூங்கினாள்.

சொந்தக்காரர்களிடம் சொன்னால், "கண்ணு படும், வெளியே சொல்லாதே" என்பார்கள். இல்லாவிட்டால், "பொம்பளைப் பிள்ளைக்கு இவ்வளவு எதுக்கு" என்பார்கள். பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் நாலு பேர் வந்து பார்ப்பார்கள். பிள்ளை புத்திசாலி, எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை என்று சொன்னால் கர்வம் என்று நினைக்கிறார்கள். இந்தத் தனிமையை அனுபவிக்கிற தாய்மார்கள் இந்த ஊரில் இன்னும் இருக்கிறார்கள். சிலரை இப்போது எனக்கே தெரியும்.

எங்களுக்கு விடிந்தது ஒரு பழைய ஜாக்கெட்டால். இரண்டு தெரு தள்ளி இருக்கிற ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார், மனைவியோடு அளவு ஜாக்கெட் கொடுக்க வந்தார். மகளுக்கு அப்போது ஒன்பது வயது. அன்றைக்கு ஏதோ தோன்றி, அந்தச் சமமான ஐந்து மூலைத் துண்டுகளை மறுபடி தரையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இதை யாரு அடுக்கினது?" என்றார். "என் பொண்ணுதான் சார், குப்பை போட்டுட்டு இருக்கா, மிதிச்சுடாதீங்க" என்றேன். அவர் வேட்டியை மடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். "மூணு துண்டு மூலையோட மூலை சேர்த்து வச்சிருக்கியே பாப்பா, நடுவுல மீதி இடுக்கு எவ்வளவு இருக்கு பார்ப்போமா?" என்று கேட்டார். பெட்டியிலிருந்து கோணமானியை எடுத்து வந்தாள். ஒரு மூலை 108 டிகிரி. மூன்று சேர்ந்தால் 324. வட்டத்துக்கு 360 வேண்டும். மீதி 36 டிகிரி இடுக்கு, அதில் இன்னொரு துண்டு நுழையாது. "அதான் சேரலை!" என்று அவள் கத்தியது தெருமுனை வரை கேட்டிருக்கும். இரண்டு வருடமாக அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அதன் பிறகு சார் சனிக்கிழமைதோறும் வர ஆரம்பித்தார். பணம் என்று நான் பேச்செடுத்தபோது, "எங்க வீட்டு அம்மாவுக்கு ஜாக்கெட் தைச்சுக் குடுங்க, போதும்" என்றார். எங்கள் வீட்டில் வாடிக்கையாளர் வந்துபோகும் இடத்தில் பாடம் நடத்த முடியாது. அதனால் அவரே கிளை நூலகத்தில் போய்ப் பேசினார். நூலகர் பின்பக்கம் பழைய நாளிதழ் கட்டிப் போட்டிருந்த மேசையைக் காலி செய்து கொடுத்தார். சிறுவர் பகுதியைத் தாண்டி உள்ளே இருக்கிற அலமாரியையும் என் மகளுக்குத் திறந்துவிட்டார். "கிழிக்காம வச்சுக்கிட்டா எந்தப் புத்தகம்னாலும் எடு" என்ற அந்த ஒரு வார்த்தைக்கு நான் வாழ்நாள் முழுக்கக் கடமைப்பட்டவள்.

இப்போது அந்த மேசையில் ஐந்து பிள்ளைகள். பாத்திரப் பட்டறையில் வேலை செய்கிறவரின் மகன், ஏழாம் வகுப்பு. படிப்பில் சுமார் என்று பெயர். ஆனால் ஓடாத மிக்ஸியைக் காதை வைத்துக் கேட்டே கோளாறு சொல்லிவிடுவான். இன்னொரு பெண் ஒரு தடவை பார்த்த முகத்தை அப்படியே வரைவாள். மதிப்பெண் பட்டியலை மட்டும் பார்த்தால் இந்த இருவரும் யார் கண்ணிலும் பட்டிருக்க மாட்டார்கள். பையனைச் சைக்கிள் கடைக்காரர் ஞாயிறு காலை பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்கிறார், தொழிலுக்காக இல்லை, பார்க்கட்டும் என்று. அம்மாக்கள் நாங்கள் வாசலில் உட்கார்ந்து பேசிக்கொள்வோம். எனக்குப் பாடத்தைவிட அது பெரிய உதவி. "உன் பொண்ணும் சாப்பிடும்போது கேள்வி கேட்டே தட்டு காஞ்சு போகுமா?" என்று ஒருத்தி கேட்டபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

போன ஆவணியில் தஞ்சாவூரில் ஒரு கணிதப் போட்டிக்கு அவளை அழைத்துப் போக வேண்டியிருந்தது. முகூர்த்த நேரம், பதினான்கு ஜாக்கெட் பாக்கி, இரண்டு கல்யாணப் பெண்ணுக்கு. போக முடியாது என்று முடிவே செய்துவிட்டேன். எதிர்வீட்டு அக்காவும் அவர் மருமகளும் முதல் நாள் ராத்திரி வந்து கொக்கி வைத்து, ஓரம் அடித்து, இஸ்திரி போட்டு, பெயர் எழுதி மடித்து வைத்துவிட்டுப் போனார்கள். போட்டியில் அவளுக்குப் பரிசு கிடைக்கவில்லை. பஸ்ஸில் வரும்போது ஒரு கணக்கை வேறு மாதிரி போட்டிருக்கலாம் என்று திருவையாறு தாண்டும் வரை சொல்லிக்கொண்டே வந்தாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் பார்த்ததில்லை.

பிள்ளைக்கு உதவி என்றால் நம் ஊரில் உடனே ஃபிளெக்ஸ் அடித்துவிடுகிறார்கள். ஒரு பயிற்சி மையம் என்னைக் கேட்காமலே என் மகள் படத்தைப் போட்டு, எங்கள் மாணவி என்று கடைத்தெருவில் வைத்துவிட்டது. அவள் அங்கே இலவச மாதிரித் தேர்வு ஒன்று எழுதினாள், அவ்வளவுதான். இரண்டு வாரம் தெருவில் தலை நிமிராமல் நடந்தாள். "அடுத்த தடவை மார்க் குறைஞ்சா அதையும் போடுவாங்களாம்மா?" என்று கேட்டாள். இந்தக் கடிதத்திலும் அவள் பெயரையோ என் பெயரையோ போட வேண்டாம் என்று ஆசிரியர் அவர்களை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

பணம் வேண்டாம் என்று சொல்லவில்லை. பணமும் வேண்டும். எட்டாம் வகுப்பில் எழுதுகிற தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்புதவித் தேர்வில் தேர்ச்சி பெற்றால், ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை மாதம் 1,000 ரூபாய் வரும். பெற்றோர் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். மனத்திறனுக்கு 90 கேள்வி, படிப்புத் திறனுக்கு 90 கேள்வி. இது இருக்கிறது என்பதே ஜெராக்ஸ் கடைத் தம்பி சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஊராட்சி, பேரூராட்சிப் பகுதிகளில் ஒன்பதாம் வகுப்பு படிப்பவர்களுக்கு ஊரகத் திறனாய்வுத் தேர்வு இருக்கிறது. மாவட்டத்துக்கு 50 பையன்கள், 50 பெண்கள். நாங்கள் மாநகராட்சிக்குள் இருப்பதால் அது எங்களுக்கு இல்லை. ஆனால் நூலகத்துக்குச் சைக்கிளில் வருகிற ஒரு கிராமத்துப் பிள்ளைக்கு அடுத்த வருடம் உண்டு, அவன் வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. வருமானச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் நிற்க ஒரு நாள் கூலியை விட வேண்டும் என்பதாலேயே விட்டுவிடுகிற குடும்பங்கள் உண்டு. அந்த ஒரு நாளைக்கு யாராவது கூட வந்தால் போதும்.

நெல்லூரில் கலெக்டராக இருந்த ராமச்சந்திர ராவ், ராமானுஜனுக்கு மாதம் 25 ரூபாய் கொடுத்து, நீ வேறெதையும் நினைக்காமல் கணக்கைப் பார் என்று விட்டார். அதற்கு முன்னால் நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கியவர் ராமானுஜன். 1912 மார்ச் மாதம் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய் சம்பளத்துக்குக் குமாஸ்தா ஆனார். அங்கே மேலே இருந்த நாராயண ஐயரும் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் அவர் மேசையில் என்ன ஓடுகிறது என்று கவனித்தார்கள். கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்கு அவர் கடிதம் எழுதியது 1913 ஜனவரியில், இவ்வளவு பேர் தாங்கிப் பிடித்த பிறகுதான்.

குடும்பத்தையும் சேர்த்துப் பாருங்கள் என்று நான் கேட்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 1920-ல் ராமானுஜன் முப்பத்திரண்டு வயதில் மறைந்த பிறகு, அவர் மனைவி ஜானகி அம்மாள் தையல் கற்றுக்கொண்டு, திருவல்லிக்கேணியில் துணி தைத்துப் பிழைத்தார். இதைப் படித்த அன்றைக்கு என் மிஷினைத் துடைத்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவர் 1994 வரை இருந்தார். கணவருக்குச் சிலை வைப்பதாகச் சொன்னார்களே, எங்கே அந்தச் சிலை என்று வயதான காலத்தில் அவர் கேட்டது பல நாட்டுக் கணித அறிஞர்கள் காதில் விழுந்து, அவர்கள் தங்களுக்குள் பணம் போட்டு மார்பளவுச் சிலை செய்து கொடுத்தார்கள்.

என் வேண்டுகோள் எல்லாம் சின்னவைதான். நாம் கட்டுகிற வீட்டு வரியில் ரூபாய்க்குப் பத்து பைசா நூலக வரி. 1948-ல் வந்த நூலகச் சட்டப்படி இது நடக்கிறது. அந்த உரிமையில் கேட்கிறேன், ஒவ்வொரு கிளை நூலகத்திலும் சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு மணி நேரம் ஒரு மேசையை இப்படிப் பிள்ளைகளுக்கு விடட்டும். வாசகர் வட்டத்தில் இருக்கிற பெரியவர்கள், பேங்கில் இருந்து ஓய்வு பெற்றவர்கள், வாத்தியார்கள் முறை வைத்து வந்து உட்காரட்டும். பாடம் நடத்த வேண்டாம், கேட்டால் போதும். பள்ளி மேலாண்மைக் குழுவில் நான் பெற்றோர் உறுப்பினர். கூட்டத்தில் கழிப்பறை, சுற்றுச்சுவர், வருகைப் பதிவு எல்லாம் பேசுகிறோம், பேசத்தான் வேண்டும். அதோடு, எந்தப் பிள்ளை வகுப்பில் சும்மா உட்கார்ந்திருக்கிறது என்று ஒரு ஐந்து நிமிடம் கேட்கலாம். நான் கேட்டேன். முதல் மாதம் யாரும் பதில் சொல்லவில்லை. இரண்டாவது மாதம் ஆறாம் வகுப்பு டீச்சர் ஒரு பையன் பெயரைச் சொன்னார். அவன்தான் எங்கள் மேசையில் ஐந்தாவது பிள்ளை.

எங்கள் சாருக்கு எழுபத்து மூன்று வயது. வருகிற சித்திரையில் இரண்டு கண்ணிலும் ஒன்றன்பின் ஒன்றாகப் புரை அறுவை. இரண்டு மாதம் வெளியே வரக் கூடாது என்று வீட்டில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். அந்தச் சனிக்கிழமைகளில் நாலு மணியிலிருந்து ஆறு மணி வரை பிள்ளைகளோடு உட்கார யாராவது வேண்டும். கணக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. கும்பகோணத்தில் இருக்கிற வாசகர்கள் யாருக்காவது முடியுமானால் பத்திரிகை அலுவலகத்துக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள், என் முகவரி அங்கே கொடுத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கும்பகோணம்.